இரண்டாவது ஜோடி

பாறையேறக் கற்றுக்கொள்ள வரும் எவரும் தம் முதல் ஷூவைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது. பயிற்சிச் சுவரில் வாடகைக்குக் கிடைத்தது, நண்பர் போட்டுக் கழித்தது, கடையில் அந்த அளவில் மிஞ்சியிருந்தது, கையிலிருந்த பணத்துக்குள் அடங்கியது என ஏதோ ஒரு வழியில் அது காலுக்கு வந்து சேர்கிறது. அப்படி வருவதில் குறை எதுவுமில்லை. பாறை எப்படியிருக்கும், அதன்மேல் தன் பாதம் என்ன செய்யும் என்று இன்னும் அறியாத ஒருவர் எதை அளவுகோலாக வைத்துத் தேர்ந்தெடுப்பார்? இரண்டாவது ஜோடியின் கதை வேறு. அதை வாங்க நிற்கும்போது அவரிடம் பணத்தோடு கொஞ்சம் அனுபவமும் இருக்கிறது. கால் எங்கே நின்றது, எங்கே வழுக்கியது, எந்த விரல் நொந்தது என்ற நினைவு உடம்பில் தங்கியிருக்கிறது. அந்த நினைவிடம் கேட்டு வாங்குகிறாரா, அதை ஒதுக்கிவிட்டு வாங்குகிறாரா என்பது அவருடைய பாறையேற்றத்தின் அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானிக்கும் என்று நம்புகிறேன்.

பெங்களூரைச் சுற்றியுள்ள பாறைகளில் ஏறுகிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். துரஹள்ளியின் உருண்டைப் பாறைகளுக்கோ ராமநகரத்துக் குன்றுகளுக்கோ வரும் இளைஞர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “அண்ணா, அடுத்து எந்த ஷூ வாங்கலாம்?” கேட்கிறவரின் கைபேசியில் ஏற்கெனவே சில படங்கள் இருக்கும். எல்லாமே விரல் பக்கம் கீழ்நோக்கி வளைந்தவை. போட்டிகளில் வெல்பவர்கள் அணிபவை. நான் முதலில் பார்க்க விரும்புவது அந்தப் படங்களையல்ல, அவர் இப்போது அணிந்திருப்பதை. “கழட்டிக் குடு தம்பி, அடியைப் பாத்துட்டுச் சொல்றேன்” என்பேன்.

தேய்ந்த சோலில் படிக்க நிறைய இருக்கிறது. தொடக்கக்காரர்களுக்கான ஷூவில் அடிரப்பர் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தேய்வதில்லை. பெருவிரலுக்கு நேர் கீழே, உள்விளிம்பில் தேய்ந்திருந்தால் அவர் சிறு பிடிப்புகளின்மேல் காலை ஊன்றி நிற்கப் பழகிவிட்டார் என்று பொருள். வெளிவிளிம்பு புதிதுபோலவே இருந்தால், இடுப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சுண்டுவிரல் பக்கத்தால் நிற்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. இடது ஷூவைவிட வலது ஷூ அதிகம் தேய்ந்திருந்தால் உடம்பு ஒரு காலையே நம்புகிறது. விரல்நுனியின் முன்பக்கம், சோலுக்கு மேலே ஷூவைச் சுற்றிவரும் மெல்லிய ரப்பர் பட்டை இருக்கிறதே, ரேண்ட் என்பார்கள், அது கிழிந்து ஓட்டை விழுந்திருந்தால் செய்தி தெளிவானது: கால் நேராகப் பிடிப்பில் வந்து அமரவில்லை. சுவரை உரசிக்கொண்டே இறங்கி, தடவித் தடவி இடம் தேடுகிறது.

இந்தக் கடைசி வகைத் தேய்மானம் உள்ளவருக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: இதே வகையில், இதே தடிமனில் இன்னொன்று வாங்குங்கள். மெல்லிய சோல் கொண்ட விலையுயர்ந்த ஷூவில் ரப்பர் 3.5 மில்லிமீட்டர்தான் இருக்கும். காலை உரசி இறக்குகிறவர் அதைச் சில மாதங்களில் தீர்த்துவிடுவார். காலை வைக்கும் விதமோ மாறியிருக்காது. பார்த்து வைப்பது, வைத்தபின் நகர்த்தாமல் இருப்பது, எடையை முழுவதும் அதன்மேல் ஏற்றுவது ஆகிய மூன்றையும் எந்த ஷூவும் செய்து தராது. அவை வந்தபின் ஷூவுக்கு ஷூ உள்ள வேறுபாடு பாதத்துக்குத் தானாகவே தெரியத் தொடங்கும். தேர்வு என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் வருகிறது.

ஒருவரிடம் இரண்டு ஜோடி இருப்பது பாறையேற்றத்தில் பழைய வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வட இத்தாலியின் டோலோமைட் மலைகளுக்குப் போனவர்கள் ஆணி அடித்த கனமான பூட்ஸில் நடந்தார்கள். செங்குத்துப் பாறையின் அடிவாரம் வந்ததும் அதைக் கழற்றிவிட்டு, கம்பளித் துணியோ கயிறோ அடியில் வைத்துத் தைத்த இலேசான காலணிக்கு மாறினார்கள். இங்கிலாந்தில் ஆணி பூட்ஸோடு உடற்பயிற்சிக்கான ரப்பர் ஷூ ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். காய்ந்த பாறையில் கடினமான இடம் வந்தால் மாற்றிக்கொள்ள. மலையின் முகம் மாறும் இடத்தில் காலணியும் மாறியது, அவ்வளவுதான். அதில் மேல்நிலை, கீழ்நிலை என்ற எண்ணம் இல்லை. இன்று இரண்டாவது ஷூவைப் பதவி உயர்வாக நினைக்கிறோம். தொடக்கத்தில் அது இடத்தைப் பொறுத்த விஷயமாக இருந்தது. அந்தப் பழைய பார்வைக்குத் திரும்புவதில் பயன் உண்டு.

இடம் தவறினால் விலை பெரிது என்பதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது. 1935-ல் ஆல்ப்ஸின் புந்தா ராசிகா சிகரத்தில் மோசமான வானிலையில் சிக்கி ஆறு பேர் இறந்தார்கள். அந்தக் குழுவோடு தொடர்புடைய மலையேறி விதாலே பிராமனி, பொருத்தமற்ற காலணிகளும் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம் என்று கருதினார். நடக்கவும் ஏறவும் உதவக்கூடிய, பள்ளமும் மேடுமான ரப்பர் அடிப்பாகத்தை உருவாக்குவதில் இறங்கினார். 1937-ல் அது வந்தது. அவர் பெயரின் எழுத்துகளிலிருந்தே விப்ரம் என்ற பெயர் பிறந்தது. இன்று உலகில் விற்கும் பாறையேறும் ஷூக்களில் பலவற்றின் அடியில் ஒட்டியிருக்கும் மஞ்சள் எண்கோண முத்திரை அந்த நிறுவனத்துடையது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தேன்ப்ளோ காட்டில் பியேர் அலேன் என்ற பிரெஞ்சுக்காரர் எதிர்த்திசையில் யோசித்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்டின் மணற்கல் பாறைகள் உயரம் குறைந்தவை. அங்கே குளிருக்கும் பனிக்கும் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. பாறையைத் தொடுவது மட்டும்தான் காலணியின் வேலை. அலேன் வழவழப்பான ரப்பர் அடிகொண்ட, பாதத்தை இறுக்கிப் பிடிக்கும் ஷூவை அமைத்தார். அவருடைய பெயரெழுத்துகளைத் தாங்கி பி.ஏ. என்று அது போருக்குப் பின் கடைகளுக்கு வந்தது. அந்த வழியில் வந்த ஈ.பி. என்ற ஷூ 1970களில் உலகெங்கும் ஏறுபவர்களின் காலில் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினின் போரியால் நிறுவனம் ஃபிரே என்ற ஷூவில் முன்பு இருந்தவற்றைவிட நன்றாக ஒட்டும் ரப்பரைப் பயன்படுத்தியது. ஜான் பாக்கர் என்ற ஏறுபவர் அதை கலிபோர்னியாவின் யோசெமிட்டிக்குக் கொண்டுவந்தபோது, வழவழப்பான கருங்கல் சரிவுகளில் அதுவரை நிற்காத கால்கள் நின்றன. 1985-ல் சார்ல்ஸ் கோல் ஃபைவ் டென் நிறுவனத்தைத் தொடங்கி ஸ்டெல்த் என்ற ரப்பரைக் கொண்டுவந்தார். இந்த ஐம்பது ஆண்டுக் கதையின் மையத்தில் இருப்பது ரப்பர்.

உராய்வு விசை தொடும் பரப்பளவைப் பொறுத்ததல்ல என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மரத்துக்கும் இரும்புக்கும் ஏறக்குறையப் பொருந்தும் அந்த விதிக்கு ரப்பர் கட்டுப்படாது. எடையை ஏற்றும்போது ரப்பர் பாறையின் பருக்கைகளுக்குள் அமுங்கி, அவற்றின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. எவ்வளவு பரப்பில் அமுங்குகிறதோ அவ்வளவு பிடிக்கிறது. நகர முற்படும்போது அமுங்கிய இடம் பழைய வடிவுக்குத் திரும்பத் தாமதிக்கிறது. அந்தத் தாமதமும் பிடிப்பாகிறது. அதனால்தான் சரிவுப் பாறையில் குதிகாலைத் தாழ்த்தி நிற்கச் சொல்கிறார்கள். பயத்தில் நுனிக்காலில் நிற்பவரின் ரப்பர் சிறிதளவே பாறையைத் தொடுகிறது. குதிகாலைத் தாழ்த்துகிறவருக்கு ஷூவின் முன்பாதி முழுவதும் வேலை செய்கிறது. பயம் சொல்வதற்கு நேர்மாறாக உடம்பை வைக்க வேண்டியிருக்கிறது.

வெப்பமும் இதில் சேர்கிறது. சூடான பாறையில் ரப்பர் மேலும் இளகி, சிறு விளிம்புகளிலிருந்து மெல்ல மெல்ல நழுவும். குளிர்ந்த பாறையில் அதே ஷூ உறுதியாக நிற்கும். ஹம்பியில் ஏறுபவர்கள் நவம்பர் முதல் பிப்ரவரிவரை போவதும், அப்போதும் காலையையும் மாலையையும் தேர்ந்தெடுப்பதும் வெயிலின் கொடுமைக்கு அஞ்சி மட்டுமல்ல. நண்பகலில் அங்கே வழுக்கும் ஷூவைக் குறைசொல்லிவிட்டு வேறு ஷூ தேடுகிறவர், மறுநாள் விடியலில் அதே இடத்தில் அதே ஷூவோடு நின்று பார்க்கலாம்.

கர்நாடகத்துக்குள்ளேயே மூன்று பாறைகளை எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது ஷூவைப் பற்றி நான் அறிந்தது பெரும்பாலும் இவற்றிடமிருந்து வந்தது.

சாவனதுர்காவும் ராமநகரமும் கருங்கல் குன்றுகள். ராமநகரத்தின் ஆங்கிலேயர் காலத்துப் பெயர் க்ளோஸ்பேட். இந்தப் பகுதியின் கருங்கல்லுக்கு நிலவியலாளர்கள் இன்றும் அந்தப் பெயரையே வழங்குகிறார்கள். அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டு. அவ்வளவு காலம் மழையும் வெயிலும் உரித்து உரித்து இந்தக் குன்றுகளை வழுவழுப்பாக வளைத்துவிட்டன. சாவனதுர்காவின் நீண்ட சரிவுகளில் கையால் பற்ற ஏதும் இல்லாத இடங்கள் ஏராளம். அங்கே ஏறுவது என்பது கால்களை நம்பி நடப்பது. ஒரே பாறையில் மணிக்கணக்கில் இருக்க வேண்டும். கயிற்றின் நீளத்துக்கு ஒருமுறை நின்று, கூட வருபவரைப் பாதுகாத்து, மீண்டும் ஏற வேண்டும். இதற்கு வேண்டியது விரல்களை மடக்காத, தட்டையான, நாள் முழுவதும் போட்டிருக்கக்கூடிய ஷூ. விரல் பக்கம் வளைந்த ஷூவை இங்கே அணிந்தால் ரப்பரின் பாதி பாறையைத் தொடாது. மூன்றாவது கயிற்றுநீளத்தில் பாதம் கதறும்.

பாதாமி வேறு உலகம். சிவந்த மணற்கல் செங்குத்தாக நிற்கிறது. பல இடங்களில் முன்னோக்கிச் சாய்கிறது. 578-ஆம் ஆண்டுக் கல்வெட்டைத் தாங்கிய மூன்றாம் குகையைக் குடைந்த சாளுக்கியச் சிற்பிகளின் உளிக்கு இசைந்த கல் இது. நுண்மணல் இறுகிப் படுகை படுகையாக அமைந்திருப்பதால் உடையும் இடத்தில் கூரான கிடைவிளிம்புகள் கிடைக்கின்றன. விரல்நகம் அளவே உள்ள விளிம்பில் பெருவிரலின் ஓரத்தை வைத்து முழு எடையையும் தாங்க வேண்டும். மிருதுவான ஷூவில் பாதம் அந்த விளிம்பின்மேல் மடிந்து உருளும், கெண்டைக்கால் நடுங்கும். உள்ளே விறைப்பான தகடும் சற்றுக் கடினமான ரப்பரும் உள்ள ஷூ அந்தச் சுமையில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறது. சுவர் நம் பக்கம் சாயும் இடங்களில் கால் இன்னொரு வேலையும் செய்ய வேண்டியிருக்கிறது. பிடிப்பை மிதித்தால் போதாது; விரல்களால் அதைக் கொக்கிபோட்டு உடம்பைச் சுவரோடு இழுத்து வைக்க வேண்டும். வளைந்த ஷூ பிறந்தது இதற்காகத்தான். குதிகாலைச் சுற்றி இறுக்கிக் கட்டிய ரப்பர் பட்டை பாதத்தை முன்னோக்கித் தள்ளி, விரல்களின் வலிமையைப் பெருவிரல் நுனியில் கொண்டுவந்து சேர்க்கிறது.

ஹம்பியின் துங்கபத்திரைக் கரையில் குவிந்திருக்கும் உருண்டைகளில் கருங்கல்லின் படிகங்கள் பெரியவை. உள்ளங்கைத் தோலையும் ரப்பரையும் அவை ஒன்றுபோலவே தின்னும். அங்கே ஏறுவது சிறு சிறு பாறைகளில், கயிறில்லாமல், சில நொடிகளுக்கு. ஏறி இறங்கியதும் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். கழற்றி மாட்ட எளிதான, பாறையின் மேடுபள்ளம் பாதத்துக்குத் தெரிகிற மிருதுவான ஷூ இந்தப் பழக்கத்துக்குப் பொருந்துகிறது. மணிக்கணக்கில் போட்டிருக்க வேண்டாததால் சற்று இறுக்கமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

ஆக, சிறந்த ஷூ எது என்ற கேள்விக்கு விடையே இல்லை. எந்தப் பாறைக்கு என்று கேட்டால் விடை உண்டு. அடுத்த ஆண்டில் என் நாட்கள் எந்தப் பாறையில் அதிகம் கழியும்? நேர்மையாக இதற்குப் பதில் சொல்வது கடினம். ஆசை குறுக்கே வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை பாதாமிக்குப் போகிறவர், மற்ற வாரங்களிலெல்லாம் ராமநகரத்துச் சரிவில் ஏறுகிறவர், கடையில் நிற்கும்போது பாதாமிக்காரராகவே தன்னை நினைத்துக்கொள்கிறார். ஆசைக்காக வாங்குவது பாவம் இல்லை. முன்னே இழுத்துப்போவது ஆசைதான். ஆனாலும் ஷூ என்பது அணிந்து நிற்க வேண்டிய பொருள். நாளைக்கு நான் ஆக விரும்பும் ஆளின் ஷூவில் இன்றைய என் பாதம் நிற்க முடியாது. இன்றைய பாறையில் நன்றாக நிற்கும் கால்தான் நாளைய பாறைக்குப் போய்ச்சேரும்.

தட்டையான ஷூ தொடக்கக்காரர்களுக்கு உரியது என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். அமெரிக்க ஏறுபவர் டாமி கால்டுவெல்லோடு சேர்ந்து லா ஸ்போர்டிவா நிறுவனம் உருவாக்கிய டி.சி. ப்ரோ, கணுக்காலை மூடும், விறைப்பான, தட்டையான ஷூ. யோசெமிட்டியின் கருங்கல் வெடிப்புகளையும் நுண்விளிம்புகளையும் மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. 2017 ஜூனில் அலெக்ஸ் ஹானல்ட் கயிறே இல்லாமல் சுமார் 900 மீட்டர் உயரமுள்ள எல் கேப்பிட்டன் சுவரில் ஏறியபோது அவர் காலில் இருந்தது அந்த ஷூதான். மனிதர் ஒருவர் தம் உயிர் முழுவதையும் காலில் ஏற்றி நின்ற தருணத்தில் அணிந்தது தட்டையான ஷூ. 1991-ல் வந்த மித்தோஸ் இன்னொரு சான்று. மெல்லிய தோலால் ஆன, பாதத்தோடு இளகிப்போகும் எளிய ஷூ அது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நீண்ட ஏற்றங்களை விரும்புகிறவர்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். எது எதற்குப் பின் வந்தது என்ற வரிசை கடைக்காரரின் அலமாரிக்கு வேண்டும். பாறைக்கு வேண்டாம்.

அடுத்தது வலி. இறுக்கமாக வாங்கு, நொந்தால்தான் சரியான அளவு என்ற அறிவுரை ஏறுபவர்களிடையே தலைமுறை தலைமுறையாக ஓடிவருகிறது. அதில் ஒரு பகுதி உண்மை. ஷூவுக்குள் காற்று நிற்கும் இடம் இருந்தால் பாதம் உள்ளே நழுவும். சிறு விளிம்பில் நிற்க விரல்கள் இலேசாக மடிந்து முன்பக்கத்தை நிரப்பியிருக்க வேண்டும். அந்த உண்மையிலிருந்து வலியே ஒரு தகுதி என்ற முடிவுக்குப் போய்விட்டார்கள். வலிக்கும் கால் பாறையைக் கேட்பதில்லை. விரல் கதறும்போது பிடிப்பின் சரிவு எந்தப் பக்கம் என்று பாதத்தால் உணர முடியாது. மனம் சீக்கிரம் மேலே போய்க் கழற்றிவிட வேண்டும் என்பதையே நினைக்கும். இறுக்கமான ஷூவை ஆண்டுக்கணக்கில் அணிந்தவர்களில் பெருவிரல் உள்நோக்கிச் சாய்வதும், மூட்டு புடைப்பதும், நகம் கெடுவதும் விளையாட்டு மருத்துவர்கள் நன்கறிந்தவை. பாதத்தில் 26 எலும்புகள் இருக்கின்றன. ஷூ தேய்ந்தால் புதிது வாங்கலாம். இவற்றுக்கு மாற்று இல்லை.

அளவுகளில் நாம் தடுமாறும் தூரம் எவ்வளவு சிறியது என்று யோசித்தால் வியப்பாக இருக்கும். ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. அரை எண் என்பது 3.3 மில்லிமீட்டர். அந்த மூன்று மில்லிமீட்டருக்குள்தான் நின்றாடும் பாதமும் நசுங்கும் பாதமும் இருக்கின்றன. உள்துணி இல்லாத தோல் ஷூ பழகப் பழக விரியும்; செயற்கை இழை ஷூ ஏறக்குறைய வாங்கிய அளவிலேயே நிற்கும். அதனால் இரண்டையும் ஒரே எண்ணில் வாங்கக் கூடாது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்க்க வேண்டும். படியின் ஓரத்தில் பெருவிரலால் நின்று பார்க்க வேண்டும். குதிகாலில் வெற்றிடம் இருக்கிறதா, குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணில் விளிம்பு குத்துகிறதா என்று கவனிக்க வேண்டும். நிற்கும்போது விரல்களின் மேல்மூட்டில் எரிச்சல் எடுத்தால் அந்த ஷூவைத் திருப்பி வைத்துவிட வேண்டும், அது எவ்வளவு புகழ்பெற்றதாக இருந்தாலும்.

இங்கே நம் பாதங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியாவில் வெறுங்காலோடு நடந்து பழகியவர்களின் பாதங்களை ஷூ அணிந்து பழகியவர்களின் பாதங்களோடு ஒப்பிட்டு 2009-ல் வெளியிட்ட ஆய்வு, முன்னவர்களின் பாதம் விரல் பக்கம் அகன்றிருப்பதையும், நடக்கும்போது எடை அடிப்பாதம் முழுவதும் சீராகப் பரவுவதையும் பதிவு செய்தது. செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த நம்மில் பலருக்கு விரல்கள் விரிந்திருக்கும். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே வெளி இருக்கும். பாறையில் நிற்க இது வரம். பெரும்பாலான ஷூக்களோ ஐரோப்பியப் பாதத்தை மனத்தில் கொண்ட அச்சுகளில் வார்க்கப்படுகின்றன. நீளம் சரியாக இருக்கும், அகலம் நெருக்கும். அகலத்துக்காகப் பெரிய எண் வாங்கினால் குதிகால் ஆடும். இதற்குத் தீர்வு எண்ணை மாற்றுவதில் இல்லை, அச்சை மாற்றுவதில் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு அச்சு. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே அகலமான முன்பக்கமும் குறுகிய முன்பக்கமும் உண்டு. தன் பாதம் அகலமானது என்று ஒருவர் அறிந்துகொள்வதே முதல் ஜோடியிடமிருந்துதான். சுண்டுவிரல் ஓரத்தில் ஷூ பிதுங்கியிருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வெறுங்காலோடு ஏறுபவர்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. ஜெர்மனியின் சாக்ஸனி மணற்கல் கோபுரங்களில் வெறுங்காலால் ஏறுவது பழைய மரபு. பெர்ண்ட் ஆர்னால்ட் அங்கே மிகக் கடினமான பாதைகள் பலவற்றை அப்படித் திறந்தார். ஃபோந்தேன்ப்ளோவில் ஷார்ல் அல்பெர் வெறுங்காலால் ஏறிய ஒரு பாறைக்கு, உலகின் மிகக் கடினமான அளவுகளில் ஒன்றான 9ஏ என்ற மதிப்பைக் கொடுத்தார். பின்னர் ஷூ அணிந்து அதை ஏறிய ஜப்பானியர் ரியோஹெய் கமெயாமா ஒரு படி குறைத்து மதிப்பிட்டார். நம் பக்கத்தில் சித்ரதுர்காக் கோட்டைச் சுவர்களில் ஜோதி ராஜ் வெறுங்காலோடு ஏறி இறங்குவதை ஆயிரக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். இவர்களைப் பார்த்து ஷூவே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பாறையில் நிற்பது பாதம் என்பதை இவர்கள் நினைவூட்டுகிறார்கள். ஷூ பாதத்துக்கு ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்கிறது. விறைப்பைக் கொடுக்கும் ஷூ உணர்வைக் குறைக்கிறது. உணர்வை விட்டுவைக்கும் ஷூ விரல்களின் வலிமையைக் கேட்கிறது. எதைக் கொடுக்கத் தயார், எதை வாங்க விருப்பம் என்று தெரிந்து செய்யும் பரிமாற்றம்தான் தேர்வு.

நம் நாட்டில் இந்தத் தேர்வைச் செய்யப் போதிய வசதி இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஐரோப்பிய நிறுவனங்களின் ஷூ ஒரு ஜோடி பத்தாயிரம் ரூபாயை எளிதாகத் தாண்டிவிடும். எல்லா வகைகளையும் அடுக்கி வைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்லும் கடைகள் அரிது. பலர் இணையத்தில் அளவைக் கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவிடுகிறார்கள். இந்தக் குறைக்கு மருந்து நம் சமூகத்துக்குள்ளேயே இருக்கிறது. பயிற்சிச் சுவரிலோ பாறையடியிலோ கூடும் பத்துப் பேரின் காலில் ஐந்தாறு வகை ஷூக்கள் இருக்கும். கேட்டால் யாரும் மறுக்கமாட்டார்கள். தன் அளவுக்கு நெருங்கிய ஒன்றை வாங்கி மாட்டி, தனக்குப் பழகிய ஒரு பாறையில் ஏறிப் பார்க்கலாம். பழகிய பாறை என்பது முக்கியம். புதுப் பாறையில் எது ஷூவின் குணம், எது பாறையின் குணம் என்று பிரித்தறிய முடியாது. பலமுறை நின்ற இடத்தில் நின்றால் வேறுபாடு உடனே பேசும்.

இரண்டாவது வந்ததும் முதலாவதை எறிந்துவிடுவதும் தவறு. ரேண்ட் கிழிவதற்கு முன்பே, சோல் மெலிந்த நிலையில் அனுப்பினால் புது ரப்பர் ஒட்டித் தருவார்கள். ரீசோல் செய்பவர்கள் இங்கே குறைவு என்றாலும் இருக்கிறார்கள். பாதத்துக்குப் பழகிய பழைய ஷூ பயிற்சிக்கும் நீண்ட சரிவுகளுக்கும் உதவும். புதியது அதற்குரிய பாறைக்காகக் காத்திருக்கும். வியர்த்த ஷூவை வெயிலில் காயப்போடாமல் நிழலில் காற்றாட வைத்தால், மூடிய காரின் சூட்டில் விடாமல் இருந்தால், பசையும் தோலும் நெடுநாள் உழைக்கும். டோலோமைட்டில் அடிவாரத்தில் காலணி மாற்றியவர்களைப் போல, பாறையைப் பார்த்தபின் எதை மாட்டுவது என்று முடிவு செய்யும் நிலைக்கு வருகிறோம். அந்த முடிவைப் பாறையின் அடியில் எடுக்கப் பழகியவருக்கு அதைக் கடையில் எடுப்பது சிரமமாக இராது.

எனவே கேட்கிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இது. பழைய சோலைத் திருப்பிப் பாருங்கள். கால் வைக்கும் விதம் அதில் எழுதியிருக்கிறது. அடுத்த ஆண்டு எந்தப் பாறையில் இருக்கப்போகிறீர்கள் என்று உங்களிடமே மறைக்காமல் கேளுங்கள். உங்கள் பாதத்தின் அகலத்துக்கும் விரல்களின் அமைப்புக்கும் மதிப்புக் கொடுங்கள். அதை வெட்கப்பட வேண்டிய குறையாக நினைக்காதீர்கள். இந்த மூன்றும் தெளிவானால் எந்த நிறுவனம், எந்த வகை என்பது சிறிய கேள்வியாகிவிடும். அதற்கு யாரும் உதவலாம். முன் மூன்றுக்கும் உங்களைத் தவிர வேறு யாரும் விடை சொல்ல முடியாது. அந்த விடைகளைச் சொல்லும் அளவுக்கு ஏறிவிட்டீர்கள் என்றால் இரண்டாவது ஜோடிக்கு நேரம் வந்துவிட்டது. இன்னும் இல்லையென்றால் பழைய ஷூவைக் கட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஏறுங்கள். விடைகள் வேறெங்கும் கிடைப்பதில்லை.